எதிர்காற்றில் ஓடும் வண்டி



இந்த மாதச் சமயச் சிந்தனையில் வாயு பகவானைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். பயப்படாதீங்க, வெறும் புராணக் கதையைச் சொல்லிவிட்டுப் போகப் போவதில்லை. ஒரு வண்டிப் பந்தயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். ரஹாங் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சமய வகுப்பில் இதைப் பேசினேன். அன்னிக்குச் சரியான மழை, பாதிப் பேர் வரல. வந்தவங்க கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நெதர்லாந்து நாட்டின் வடக்கு முனையில் டென் ஹெல்டர் என்று ஒரு கடற்கரை நகரம். காற்று ஓயாத இடம். அங்கே 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'ரேசிங் ஏயோலஸ்' என்று ஒரு பந்தயத்தைத் தொடங்கினார்கள். ஏயோலஸ் என்பவன் பழைய கிரேக்கர்களின் காற்றுக் காவலன். பந்தயத்தில் கலந்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்கள். வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். எண்ணெய் கிடையாது. வண்டியின் மேலே காற்றாலையில் இருக்கிற மாதிரி ஒரு சுழலி. காற்று அதைச் சுற்றும், சுழலி சக்கரத்தைச் சுற்றும், வண்டி ஓடும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வண்டி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில்தான் விஷயம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, நேராக அந்தத் திசையை நோக்கியே ஓட வேண்டும். எதிர்காற்றில். கொஞ்சம்கூட வளைந்து நெளிந்து போகாமல், முகத்துக்கு நேராக அடிக்கிற காற்றைக் கிழித்துக்கொண்டு, அந்தக் காற்றின் பலத்தாலேயே.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு தம்பி சிரித்துவிட்டான். "அண்ணே, நம்மள பின்னால தள்ளுற காத்தே நம்மள முன்னால இழுக்குமா? சும்மா சொல்லாதீங்க" என்றான். சரியான கேள்வி. படித்தவர்களே கேட்கிற கேள்வி.

பாய்மரம் நமக்குத் தெரியும். காற்று தள்ளும், கப்பல் போகும். டென் ஹெல்டருக்குத் தெற்கே அதே கடற்கரையில், 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில், சைமன் ஸ்டீவின் என்ற கணித அறிஞர் இளவரசர் மோரிஸுக்காகப் பாய் கட்டிய ஒரு தேரைச் செய்து கொடுத்தார். 28 பேரை ஏற்றிக்கொண்டு ஸ்கெவெனிங்கனிலிருந்து பெட்டன் வரை மணலில் ஓடியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது காற்றின் தயவில் ஓடிய வண்டி. நம் முன்னோர்களும் அப்படித்தான். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்தது பருவக்காற்றைப் பிடித்துத்தான். அந்தக் காலத்து வணிகர்களும் ஒரு பருவக்காற்றில் இந்தப் பக்கம் வருவார்கள், சரக்கை விற்றுவிட்டு, காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடப்பார்கள். காற்று திரும்பினால்தான் ஊர். பாய்மரத்தை வைத்துக்கொண்டு எதிர்காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணல்மாணலாக முன்னேற மாலுமிகளுக்குத் தெரியும். ஆனால் நேராக முகத்தைக் கொடுத்துப் போக எந்தப் பாயாலும் முடியாது.

இந்த மாணவர்கள் காத்திருக்கவும் இல்லை, கோணலாகவும் போகவில்லை. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தக் கணக்கை அவசரப்படாமல் படியுங்கள், இதற்குள்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது.

காற்று வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறது. வண்டி அதற்கு எதிராக வினாடிக்கு 3 மீட்டர் போகிறது. அப்படியானால் வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் முகத்தில் எவ்வளவு காற்று அடிக்கும்? 6ம் 3ம் சேர்ந்து 9 மீட்டர். மோட்டார் சைக்கிளில் போகும்போது உங்களுக்கே தெரிந்ததுதான். இப்போது அந்தக் காற்று சுழலியைப் பின்னால் தள்ளுகிற பலம் 50 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம், ஒரு 5 கிலோ அரிசிப் பையின் கனம். பலத்தை வேகத்தால் பெருக்கினால் சக்தி. காற்றிலிருந்து சுழலிக்குக் கிடைக்கக்கூடிய சக்தி 50 பெருக்கல் 9, அதாவது 450 வாட். ஆனால் அந்தப் பின்தள்ளலை மீறி வண்டியை முன்னே செலுத்தச் சக்கரம் கொடுக்க வேண்டியது? சக்கரம் தரையில் 3 மீட்டர் வேகத்தில்தான் உருள்கிறது. 50 பெருக்கல் 3, வெறும் 150 வாட்!

கிடைப்பது 450, தேவை 150. மீதி 300. இந்த மீதியில்தான் செயின் உராய்வு, பேரிங் உராய்வு, சுழலி வீணடிப்பது எல்லாம் கழிய வேண்டும். கழிந்தும் மிஞ்சினால் வண்டி எதிர்காற்றில் போகும். மாயம் எதுவும் இல்லை, சும்மா கிடைத்த சக்தியும் இல்லை. காற்றுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற வேக வித்தியாசம்தான் எரிபொருள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காற்று மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. காற்றில் பறக்கிற இலைக்கு எதிர்காற்று என்று ஒன்றே கிடையாது, அது காற்றோடு போகும். பலூனும் அப்படித்தான். ஒரு கை காற்றில், ஒரு கால் தரையில் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிற வண்டியால்தான் எதிரே போக முடிகிறது. சக்கரம் தரையை விட்டால் அடுத்த நொடியே அந்த வண்டியும் ஓர் இலைதான்.

வாயுவின் மகன் யார்? அனுமன். கடலைத் தாண்டின கதை நமக்கெல்லாம் தெரியும். ஜாம்பவான் அவன் பலத்தை நினைவூட்டினார், அவன் விசுவரூபம் எடுத்தான், பறந்தான். ஆனால் பறப்பதற்கு முன்னால் என்ன செய்தான் என்பதை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மகேந்திர மலையில் ஏறி நின்று, இரண்டு காலையும் ஊன்றி அந்த மலையை அழுத்தினான். மலை நசுங்கியது, பாறையிலிருந்து தண்ணீர் பீறிட்டது, குகையில் இருந்த மிருகங்கள் அலறின என்று வால்மீகி விரிவாகச் சொல்கிறார். காற்றுக்கே மகனாகப் பிறந்தவனுக்கும் புறப்படக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டியிருந்தது.

இதை வகுப்பில் நான் சொன்னபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி எதுவும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு, செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "அண்ணே, எனக்கு எல்லாமே எதிர்காத்துதான். நான் எங்கேயும் போகல."

அவன் பெயர் வேண்டாம். பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படிக்கிறான். பாட்டி காலத்தில் அவன் குடும்பம் தோட்டத்து லயத்தில் இருந்தது. பாட்டி விடியக்காலையில் பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டினவர். தோட்டம் கைமாறி, கித்தா போய் செம்பனை வந்து, அப்புறம் அதுவும் போய் வீடமைப்பு வந்த கதை உங்கள் பல பேர் வீட்டிலும் உண்டு. அப்பா லோரி ஓட்டினார். 2 வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அம்மாவுக்குச் சுகமில்லை. தம்பி ராத்திரி 1 மணி வரைக்கும் மோட்டாரில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறான், காலையில் வகுப்பில் தூங்கிவிடுகிறான். கணிதத்தில் ஒரு பாடம் போச்சு. படிப்பை நிறுத்திவிட்டு முழு நேரமாக வண்டி ஓட்டப் போறேன், மாசம் நல்லாத்தான் வரும் என்றான்.

ஒரு சமயப் பேச்சாளர் இந்த இடத்தில் என்ன சொல்வார்? "கஷ்டம்தான் உன்னை உயர்த்தும், எதிர்காற்றில்தான் பட்டம் உயரே போகும்" என்பார். நான் அப்படிச் சொல்லவில்லை. அது பாதி உண்மை, பாதி உண்மையை ஒரு பையன் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. எதிர்காற்று தானாக யாரையும் முன்னே தள்ளாது. சுழலி இல்லாத, தரைப்பிடி இல்லாத வண்டியை அது பின்னாலேதான் தள்ளும். நம் தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ அப்படிப் பின்னால் போயிருக்கின்றன. அவர்களிடம் உழைப்பு இல்லாமலா? உழைப்பு இருந்தது. கால் ஊன்ற இடத்தைத்தான் பறித்துவிட்டார்கள்.

அதனால் அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "உன் சக்கரம் எங்கே தரையைத் தொடுது?" அவன் முழித்தான். இரண்டு பேரும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம், மேலே போட்ட அதே கணக்கு மாதிரி. கையில் வருவது எவ்வளவு, வீணாவது எங்கே? வாரத்தில் 6 ராத்திரி ஓட்டுகிறான். அதில் 2 ராத்திரியில் பெட்ரோல் காசு போக மிஞ்சுவது ரொம்பக் குறைச்சல் என்று அவனே எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தான். அந்த 2 ராத்திரியை விட்டால் தூக்கம் கிடைக்கும். செனவாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற நம் குழுவின் பழைய அண்ணன் ஒருத்தர், வியாழக்கிழமை வந்து கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். கோயில் மடப்பள்ளியில் உதவுகிற ஓர் அக்கா, வெள்ளிக்கிழமை அம்மாவுக்குச் சேர்த்துச் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறேன் என்றார். இதெல்லாம் பெரிய தியாகம் இல்லை. ஆனால் தரை என்பது இதுதான். சங்கம், கோயில் என்று நாம் நடத்துவது தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதற்கு மட்டும் இல்லை.

பந்தயத்துக்குத் திரும்புவோம். 2008இல் நடந்த முதல் போட்டியில் முதல் பரிசு வாங்கியது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த 'வென்டோமொபில்' என்ற மூன்று சக்கர வண்டி. காற்றின் வேகத்தில் வண்டியின் வேகம் எத்தனை விழுக்காடு என்பதுதான் அங்கே அளவுகோல். அப்போதெல்லாம் நூறு விழுக்காடு என்பது எட்டாத தூரம். கனடாவின் மொன்றியல் நகரில் ஈ.டி.எஸ். என்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் 'சினூக்' என்ற பெயரில் வண்டி செய்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டு வந்து, வருஷத்துக்கு வருஷம் திருத்தினார்கள். பழைய மாணவர்கள் படித்து முடித்துப் போவார்கள், புதியவர்கள் வருவார்கள், வண்டி தொடரும். 2016இல் அவர்கள் வண்டி 102 விழுக்காட்டைத் தொட்டது. எதிர்த்து வருகிற காற்றைவிட எதிர்த்துப் போகிற வண்டி வேகம்!

இதன் அருமை என்னவென்று தெரிய, நம் கணக்கை மறுபடி போடுங்கள். காற்று 6, வண்டியும் 6. முகத்தில் அடிப்பது 12. கிடைக்கக்கூடியது 50 பெருக்கல் 12, 600 வாட். தேவை 50 பெருக்கல் 6, 300 வாட். அதாவது சரிபாதி. நூறு விழுக்காட்டைத் தாண்ட வேண்டுமானால், கிடைத்ததில் பாதிக்கு மேல் கண்டிப்பாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவு குறைவாகத்தான் வீணடிக்கலாம். அதனால் அந்த மாணவர்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி, சக்தியைக் கூட்டுகிற வேலை இல்லை, கசிவை அடைக்கிற வேலை. இறக்கையின் மேற்பரப்பை வழவழப்பாக்குவது, கனத்தைக் குறைப்பது, இறக்கை சாய்கிற கோணத்தைத் திருத்துவது, பேரிங்கை மாற்றுவது. கைதட்டல் கிடைக்காத வேலைகள்.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் ஒரு குறை சொல்கிறான். மனசை அடக்குவது காற்றை அடக்குவது மாதிரி, ரொம்பக் கஷ்டம் என்கிறான். கண்ணன் "அதெல்லாம் சுலபம்" என்று சொல்லவில்லை. கஷ்டம்தான் என்று ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டு, அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் பிடிக்கலாம் என்கிறார். அப்பியாசம் என்றால் தினமும் அதே பேரிங்கைத் துடைப்பது. வைராக்கியம் என்றால் வண்டிக்கு வேண்டாத கனத்தைக் கழற்றிப் போடுவது. (எந்தக் கனம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ராத்திரி 2 மணிக்கு அது உங்கள் கையிலேயே வெளிச்சம் போட்டுக்கொண்டு இருக்கும்.)

சரி, எல்லாம் நம் முயற்சிதானா? அப்படியானால் சாமி எதற்கு? வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். பல்கலைக்கழகம் போகிற பிள்ளை, நீலாயில் படிக்கிறாள், சுற்றி வளைக்காமல் கேட்பாள். அவளுக்குக் கேன உபநிடதத்தில் வருகிற கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அசுரர்களை ஜெயித்த தேவர்களுக்குக் கர்வம் வந்துவிட்டது. நம்மால்தான் வெற்றி என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்கள் முன்னால் ஒரு யட்சம் தோன்றியது, யாரென்று தெரியாத ஓர் உருவம். முதலில் அக்கினி போனான். "உன்னால் என்ன முடியும்?" "உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் எரிப்பேன்." யட்சம் ஒரு துரும்பை எடுத்து வைத்தது. எரிக்க முடியவில்லை, திரும்பி வந்தான். அடுத்து நம் வாயு. "எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவேன்." அதே துரும்பு. முழு வேகத்தோடு பாய்ந்தான். துரும்பு அசையவில்லை. கடைசியில் இந்திரன் போனபோது யட்சம் மறைந்துவிட்டது. அந்த இடத்தில் உமாதேவி நின்றாள். "அது பிரம்மம். அதன் வெற்றியைத்தான் நீங்கள் உங்கள் வெற்றி என்று நினைத்தீர்கள்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

துரும்புக்கு ஏது கனம்? வாயுவின் பலம் அவனுடையது இல்லை என்பதுதான் விஷயம். டென் ஹெல்டருக்கு எவ்வளவு அருமையான வண்டியோடு வந்தாலும், காற்று இல்லாத நாளில் அது நகராது. எந்தப் பொறியாளனும் காற்றைச் செய்வதில்லை. வந்த காற்றை வீணாக்காமல் வாங்கிக்கொள்ளத்தான் அவனுக்குத் தெரியும். அருள் என்பது காற்று, முயற்சி என்பது சுழலி என்று நான் வகுப்பில் சொன்னேன். அந்தத் தங்கை விடவில்லை: "அப்போ எதிர்காத்தும் அருளா அண்ணே?" நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பஞ்சபூதத் தலங்களில் திருக்காளத்தி வாயுத் தலம். காற்றுப் புகாத கருவறையில் ஒரு விளக்கின் சுடர் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும் என்பார்கள். அந்தக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எதிரா, துணையா என்று யாரும் கேட்பதில்லை. கும்பிட்டுவிட்டு வருகிறோம். இப்போதைக்கு என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான்.

இன்னொரு வண்டியையும் சொல்லிவிடுகிறேன், இது கர்வத்தைப் பற்றியது. அமெரிக்காவில் ரிக் கவல்லாரோ என்பவர், சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'பிளாக்பேர்ட்' என்ற வண்டியைக் கட்டினார். இது காற்று போகிற திசையிலேயே, காற்றைவிட வேகமாகப் போகும் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். 2010இல் காற்றைப்போல் 2.8 மடங்கு வேகத்தில் ஓடிக் காட்டியது. 2012இல் எதிர்காற்றிலும் 2.1 மடங்கு. அப்படியும் நம்பாதவர்கள் இருந்தார்கள். 2021இல் அலெக்சாண்டர் குசென்கோ என்ற இயற்பியல் பேராசிரியர், இது நடக்காது என்று டெரெக் முல்லர் என்ற காணொளிக்காரரோடு 10,000 டாலர் பந்தயம் கட்டினார். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு பணத்தையும் கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் வண்டியைவிட அவரைத்தான் பிடித்தது. ஊரறிய ஒரு நிலைப்பாட்டை எடுத்துவிட்டு, கணக்கு வேறு மாதிரி சொல்கிறது என்றதும் இறங்கி வருவதற்குத் துணிவு வேண்டும். இந்திரன் உமாதேவி முன்னால் நின்ற மாதிரி. நம் கோயில் கூட்டங்களில் இது நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பின்வரிசைத் தம்பி இந்தப் பருவத் தேர்வை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த பருவம் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் போன சனிக்கிழமை ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். ஒரு முழ நீளத்தில் எதிர்காற்று வண்டி ஒன்று செய்து பார்க்கப் போகிறானாம். நீலாய்த் தங்கை இறக்கைக்குக் கோணம் கணக்குப் போட்டுத் தருகிறாள். இரண்டு பேரும் பற்சக்கரம் எத்தனை பல் வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிரம்பானில் காற்று போதாது. நம் நாட்டில் பெரும்பாலான இடத்தில் காற்று மெலிசுதான், அதனால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்சன் கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழும்பும். வருகிறவர்கள் 2 மணிக்குக் கோயில் வாசலுக்கு வந்துவிடுங்கள். வீட்டில் பழைய சைக்கிள் செயின், சின்ன பேரிங், பிவிசி குழாய் எது கிடந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டு வாங்க.